லாச்சியைக் கவிழ்த்துப் பார்த்தல்

முள்ளியவளை மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே போன் எடுத்தா. “தம்பி, ஒராள் வந்து அலுமாரியையும் பெட்டகத்தையும் விலைக்குக் கேட்டிட்டுப் போறார். புதன்கிழமை லொறியோட வாறாராம். நீ ஒருக்கா வந்து பாத்துச் சொல்லு, குடுக்கலாமோ எண்டு.”

நான் கிளிநொச்சியில் பழைய தளபாடம் திருத்துகிற சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். அப்பா ஓடாவி. உளியும் சீவுளியும் அவர் விட்டுப்போனவை. மாமி முறைக்குச் சொந்தமில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே வளவில் கொட்டில் போட்டிருந்து வந்த உறவு. அன்றைக்கே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு வீதியைப் பிடித்தேன்.

வந்த வியாபாரி அலுமாரிக்கு 45,000 ரூபா சொல்லியிருந்தார். பெட்டகத்துக்கு 8,000. “அலுமாரி ஒல்லாந்தற்ற காலத்துச் சாமானாம். பெட்டகம் உளுத்துப் போச்சாம், எறிகணைச் செல்லும் பட்டுக் கிடக்காம். சும்மா விறகு விலைக்கு எடுக்கிறன் எண்டார்” என்றா மாமி.

“ஒல்லாந்தர் காலத்துச் சாமான்.” இந்த ஒரு சொல் எங்கள் பக்கம் படுகிற பாடு கொஞ்சமில்லை. கறுத்த மரமாக இருந்து, கால் கடைசல் காலாக இருந்துவிட்டால் போதும், உடனே ஒல்லாந்தரைக் கூப்பிட்டுவிடுவார்கள். போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். ஒல்லாந்தர் 1658இல் வந்து 1795வரை இருந்தார்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். இழுப்பறைக்கு நாங்கள் சொல்லுகிற லாச்சியும் கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. பெயர்களுக்கு முன்னூறு வயதுக்கு மேல் என்பது உண்மை. அந்தப் பெயரைச் சுமக்கிற சாமான் முந்தநாள் மரக்காலையில் பலகை வாங்கி அடித்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒல்லாந்தர் பாணிக் கதிரையும் கட்டிலும் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் மாதிரியான கோட்டைப் பட்டினங்களில் இருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அதிகாரிகள் வீடுகளுக்கென்று செய்தவை. முள்ளியவளை கிடக்கிற வன்னி அப்போது வன்னியர்கள் ஆண்ட காடு. திறையாக யானை கேட்டு ஒல்லாந்தர் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு இங்கிலீசுக்காரன் வந்த பின்னும் 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையில் புகுந்து அடித்தவன். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஒல்லாந்தர் அலுமாரி நிற்கிறதென்றால் அது எங்கேயோ இருந்து வந்திருக்க வேண்டும். வண்டியிலா, தோணியிலா, யாருடைய சீதனமாக? அந்தக் கதை வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். கதையே இல்லாத ஒல்லாந்தர் சாமானை நான் இலேசில் நம்புவதில்லை.

மாமியிடம் கேட்டேன், அலுமாரி எப்படி வந்தது என்று. “அது 2003இல வாங்கினது. வெளிநாட்டுக்குப் போன ஆக்கள் வீட்டுச் சாமானெல்லாம் வித்தவை. அவைக்கு ஆர் குடுத்ததெண்டு எனக்குத் தெரியாது.”

சரி, கதை அங்கே அறுந்துவிட்டது. இனி மரத்திடம்தான் கேட்க வேண்டும்.

பழைய சாமானைப் பார்க்கப் போனால் முன்பக்கத்தைப் பார்க்காதே என்று அப்பா சொல்லுவார். முன்பக்கம் எல்லாரும் பார்க்கவென்று செய்த பக்கம். விற்கிறவனும் அதைத்தான் மினுக்கி வைப்பான். செய்த ஓடாவியும் விற்கிறவனும் இரண்டு பேருமே கவலைப்படாத இடங்கள் உண்டு: முதுகுப் பலகை, கால்களின் அடி, லாச்சியின் கீழ்ப்பக்கம். அங்கேதான் மரம் உள்ளது உள்ளபடி சொல்லும்.

லாச்சியை இழுத்து எடுத்து முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தேன். முதலில் வாள் தடம். ரோச் லைற்றைப் பலகையோடு படுக்கவைத்து அடித்தால் தடம் நிழலாக எழும்பி வரும். வட்ட வாள் அரிந்த பலகையில் வளைந்த கீறல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிறைபோல் தெரியும். அந்த வாள் பரவலாகப் புழங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே பிறைக்கீறலைக் கண்டால் 1700களை மறந்துவிடலாம். பட்டை வாள் போட்ட பலகையில் கீறல் நேராக, சம இடைவெளியில் நிற்கும். கைவாள் என்றால் கீறல் நேர்தான், ஆனால் ஒழுங்கு இருக்காது. இழுக்கிறவன் களைத்த இடமும் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கிய இடமும் அதில் தெரியும். ஒரு கீறல் ஆழம், அடுத்தது சாய்வு, பிறகு இரண்டு மூன்று நெருக்கமாக.

மாமியின் லாச்சி முழுக்கக் கைவாள்.

மூலைகளைப் பார்த்தேன். விரல் கோத்தாற்போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கிய புறாவால் பொருத்து. பல்லுகள் ஒரே அளவில் இல்லை, ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. அளவு கீறிய கோடு அப்படியே கிடந்தது. மெசின் வெட்டின் ஒற்றுமை எங்குமே இல்லை. சட்டத்தில் கழுந்து துளைக்குள் இறங்கி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தது. ஒரு இரும்பாணிகூட இல்லை.

கைவாள், கைவெட்டுப் பொருத்து, மர ஆணி. எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் இது நூறு வருசத்துக்கு மேற்பட்ட சாமான். வியாபாரி ஏமாற்றவில்லை, அவரும் இதைத்தான் பார்த்திருப்பார்.

வன்னிக்கு வெளியே என்றால் நானும் அந்தத் தீர்ப்போடு எழும்பியிருப்பேன்.

1990இலிருந்து 2002வரை இங்கே இருந்தவர்களுக்குப் போர்க்காலத்தில் அரசு போட்ட பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, சீமெந்து இல்லை, இரும்புச் சாமானுக்குத் தட்டுப்பாடு. மரம் அரியும் மில்லுகள் ஓய்ந்து கிடந்தன. ஆனால் கலியாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தன, இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குக் கட்டிலும் மேசையும் தேவைப்பட்டன. அப்பா குழி வெட்டினார். மரக்குற்றியைக் குழிக்கு மேலே ஏற்றி, மேலே அவரும் கீழே ஒரு பெடியனுமாக நின்று நீட்டு வாள் இழுத்தார்கள். கீழே நின்றவனுக்குக் கண்ணெல்லாம் முதிரை மரத் தூள். அந்தத் தூள் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது, கைமுழுக்கச் சொறிந்து தடித்துப்போகும். சில காலம் கீழே நின்றது நான். ஆணி ஒரு கிலோ வாங்குகிற காசுக்கு வேறு எத்தனையோ அலுவல் இருந்தது. மர ஆணி சீவுவது என் இரவு வேலை. கைவிளக்கு வெளிச்சத்தில் பாலைக் கட்டையைப் பிளந்து, விரல் மொத்தத்துக்குச் சீவி, அடுப்புக்கு மேலே காயப்போடுவோம்.

என் அப்பாவின் பாட்டன் 1890இல் வேலை செய்த விதமாகத்தான் என் அப்பா 1996இல் வேலை செய்தார். அதனால் இங்கே தடைக்காலத்து அலுமாரி நூறு வருசம் பழைய அலுமாரியின் அத்தனை அடையாளத்தோடும் நிற்கும். இதை எழுத வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததற்குக் காரணமும் அதுதான். எந்த ஒரு அடையாளமும் வன்னியில் தனியே நின்று சாட்சி சொல்லாது. நாலைந்தை ஒன்றாக நிறுத்தித்தான் விசாரிக்க வேண்டும்.

மறுபடி குனிந்தேன். மர ஆணியின் தலையில் விரலை வைத்துத் தடவினேன். மரம் காயக் காய அகலப்பாட்டில்தான் சுருங்கும், நீளப்பாட்டில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். குறுக்கே அடித்த மர ஆணி தன் நீளத்தில் குறையாது, அதைச் சுற்றியிருக்கிற சட்டம் சுருங்கும். பத்துப் பத்து வருசமாக இப்படி நடந்தால் ஆணித்தலை சட்டத்தைவிட ஒரு மயிரிழை வெளியே நீட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இந்த அலுமாரியில் ஆணித்தலைகள் சட்டத்தோடு மட்டமாக இருந்தன.

பூட்டுத் தகட்டின் ஆணிகளைத் தளர்த்திக் கழற்றினேன். முதிரை அரிந்த புதிதில் பொன் மஞ்சளாக மினுங்கும், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கும் பிறகு கபிலத்துக்கும் போகும். தகட்டுக்குக் கீழே ஒளிந்திருந்த மரமும் வெளியே நின்ற மரமும் பழைய சாமானில் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும். இங்கே வித்தியாசம் சொற்பம். பிணைச்சல்கள் கையால் வெட்டிய தகடு. அதைப் பார்த்ததும் பழசு என்று தோன்றும். ஆனால் தகட்டின் தடிப்பு ஓரத்துக்கு ஓரம் ஒரே சீர், ஒரு பக்கத்தில் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பரலை வெட்டிச் செய்த பிணைச்சல். கொல்லன் அடித்த இரும்பு அப்படிச் சீராக இராது.

கடைசியாக மணம். முதுகுப் பலகையில் மூக்கை வைத்தேன். கழிவு எஞ்சின் ஒயில். கறையானுக்கு அஞ்சி அந்த நாளில் நாங்களும் அதைத்தான் பூசினோம்.

“மாமி, இது தடைக்காலத்துச் சாமான். முப்பது வருசம் சொல்லலாம், அவ்வளவுதான்.”

மாமியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் வாய் கைத்தது. பிறகு பெட்டகத்துக்குப் போனோம்.

அது குசினிக்குப் பின்னால் தாழ்வாரத்தில், மேலே நெல்லுச் சாக்கு அடுக்கிக் கிடந்தது. மூன்று சில்லோடு நின்றது, நாலாவது மூலைக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சாக்குகளை இறக்கி மூடியைத் தூக்கினேன். தூக்கிய மாத்திரத்தில் மூடி வேறு, பெட்டகம் வேறு என்று தெரிந்துவிட்டது. மூடியில் பட்டை வாளின் சீரான கீறல். பிணைச்சலில் நட்சத்திர வாய் வைத்த ஸ்குறூ ஆணி. அந்த வாய் 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பழைய ஸ்குறூவின் தலையில் ஒற்றைக் கீறுதான் இருக்கும், கையால் அராவிய காலத்ததென்றால் அந்தக் கீறு நடுவிலும் இராது. 1840களுக்கு முந்தியதற்கு நுனியே மொட்டையாக இருக்கும். மூடி எவ்வளவுதான் பிந்தியதாக இருந்தாலும் உடம்பின் வயதை அது தொடாது. அதைத் தனியே வைத்துவிட்டு உடம்பைப் பார்த்தேன்.

மூலைப் பொருத்துகளில் மர ஆணிகள் அத்தனையும் விரலில் தட்டுப்பட்டன. பக்கப் பலகை சுருங்கி நடுவால் ஒரு வெடிப்பு, ஒரு தாள் நுழையும் அளவு. வெடிப்பின் உள்விளிம்பும் மேற்பரப்பைப் போலவே கறுத்திருந்தது, ஆகவே வெடித்தும் வெகுகாலம். முகப்பில் இருந்த பூட்டைக் கழற்றினால் கீழே இன்னொரு பூட்டின் நிழல், வேறு வடிவம், பெரியது. அதன் ஆணித் துளைகளைச் சிறு மரத்துண்டால் அடைத்திருந்தார்கள். அந்த நிழலுக்குள்ளே மரம் இன்னும் மஞ்சள். அடிப்பலகையில் நாலு பட்டை ஆணிகள். கொல்லன் ஒவ்வொன்றாக அடித்தது, நுனிநோக்கி மெலிந்து போவது. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரம் நீலக் கறுப்பாகக் கறைபிடித்திருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற கறை அது. உருளைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மலிந்தது. நாட்டுக் கொல்லர்கள் அதற்குப் பிறகும் பட்டை ஆணி அடித்தார்கள், எனவே இதையும் ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

உளுத் துளைகளையும் பார்த்தேன். வியாபாரி சொன்னது பொய்யில்லை, ஒரு பக்கத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. பூச்சி உள்ளே வளைந்து வளைந்து தின்றுவிட்டு வெளியேறும் வாசல்தான் அந்த வட்டத் துளை. மெல்லிய கம்பியை விட்டால் கொஞ்சம் போய் வளைவில் தடுக்கும். துளையிட்டுப் பழசாக்கிய சாமானில் கம்பி நேரே அடிவரை இறங்கும். மேற்பரப்பிலேயே வாய்க்கால் மாதிரிச் சுரங்கம் திறந்து கிடந்தால், உளுத்த பழைய மரத்தை மறுபடி அரிந்து புதுச் சாமான் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பெட்டகத்தில் கம்பி தடுத்தது. கீழே புதுத்தூள் இல்லை, பூச்சி போய் எத்தனையோ காலம்.

பழைய மரத்தில் புதுச் சாமான் என்றதும் ஒன்று ஞாபகம். வவுனியாவுக்கு வடக்கே 1990க்குப் பிறகு ரயில் ஓடாமல் நின்றபோது சிலீப்பர் கட்டைகள் பங்கருக்குப் போனதை எல்லாரும் அறிவோம். பிறகு பங்கர் பிரித்த கட்டைகள் மேசையாகவும் வாங்காகவும் மாறின. அப்படி ஒரு மேசையை “இருநூறு வருசம்” என்று சொல்லி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பலகையின் நடுவே, மேசைக்கு எந்தத் தேவையுமில்லாத இடத்தில், சதுரத் துளையும் கரிய கறையும். தண்டவாளத்தைப் பிடித்திருந்த முளையாணியின் இடம்.

வட்ட மேசைக்கு ஒரு எளிய சோதனை உண்டு, இதையும் சொல்லிவிடுகிறேன். அளவு நாடாவை மரநார் போகிற திசையில் ஒருதரம், குறுக்கே ஒருதரம் பிடியுங்கள். மூன்றடி வட்டம் நெடுங்காலம் நின்றதென்றால் குறுக்களவு கால் அங்குலமாவது குறைந்திருக்கும். கடைசல் கால்களும் அப்படித்தான், கண்ணுக்கு உருண்டை, அளந்தால் முட்டை.

பெட்டகத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினோம். அங்கே அந்தச் செல் துண்டு. உள்ளங்கையளவு மரம் பிய்ந்து, நடுவில் இரும்பு இன்னும் குத்திக்கொண்டு நின்றது.

“2008 கடைசியில நாங்கள் வெளிக்கிட்டது” என்றா மாமி. “லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில ஏத்திப் பாத்தம், பாரம் தாங்கேல்லை. இறக்கி வைச்சிட்டு உடுப்பும் அரிசியும்தான் கொண்டு போனது. திரும்பி வரேக்க வீட்டில கதவில்லை, யன்னல் இல்லை, ஓடில்லை. இது புளியமரத்தடியில மூடியில்லாமல் மல்லாக்கக் கிடந்தது, உள்ளுக்கு மழைத்தண்ணி. மூடி அதுக்குப் பிறகு போட்டது.”

“பெட்டகம் ஆருடையது மாமி?”

“அம்மம்மாவின்ர சீதனம். அவவின்ர தாய்க்கும் அதுதான் சீதனம் எண்டு சொல்லுவா. காரைநகரில இருந்து வந்ததாம்.”

மாமிக்கு வயது 74. அம்மம்மா அவவைவிட ஐம்பது வயது மூப்பு என்று வைத்தால் பிறந்தது 1900ஐ ஒட்டி. அவருடைய தாயின் கலியாணம் அதற்குச் சற்று முந்தி. மரம் சொன்னதும் வாய் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து முட்டின. ஒல்லாந்தருக்குப் பிந்தியதுதான், ஆனால் 120 வருசத்துக்குக் குறையாது. அம்மம்மாவின் பெயரையும் காரைநகரையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கச் சொன்னேன். வாய்க்கதைக்கு எழுத்து இருந்தால் சாமானின் பெறுமதியும் அதோடு ஏறும்.

விலையைப் பற்றிக் கொஞ்சம். நூறு வயது என்பது உலகம் முழுக்கப் பழங்கலை வியாபாரத்தில் வைத்திருக்கிற கோடு. கலாசாரச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் தளபாடத்துக்கு நூறு வருசம்தான். எங்கள் நாட்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்த நாளுக்கு, முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. அப்படியானதை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆனால் வயது மட்டும் விலையாகாது. மரம் என்ன, எத்தனை பகுதி பழையபடி இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இருக்கிறதா, மேற்பரப்பு தொடாமல் இருக்கிறதா என்பதெல்லாம் சேரும்.

அந்தக் கடைசி விசயத்தில் எனக்குப் பொறுக்க முடியாத கோபம் உண்டு. விற்கப்போகிறோம், வடிவாக இருக்கட்டும் என்று மெசினைப் பிடித்து அரத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்துவிடுகிறார்கள். நூறு வருசம் கையும் எண்ணெயும் புகையும் பட்டு வந்த நிறம் அரை மணித்தியாலத்தில் தூளாகப் பறக்கிறது. அதற்கு மேலே கண்ணாடி மாதிரி வாணிஷ். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள், காயவிடுங்கள், அவ்வளவும் போதும். மேலே இருப்பது பழைய அரக்குப் பொலிஷா என்று அறிய வேண்டுமானால் மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிற் தொட்டு வையுங்கள். அரக்கு என்றால் இளகி ஒட்டும், இந்தக் கால வாணிஷ் அசையாது.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டா: “அலுமாரி தடைக்காலத்ததெண்டு அந்த ஆளுக்குச் சொல்ல வேணுமோ?”

45,000 ரூபா அவவுக்குச் சின்னக் காசில்லை. கிணற்று மோட்டர் பழுதாகி இரண்டு மாதம். நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவவே சிறிது நேரம் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பொய்யெண்டு தெரிஞ்ச பிறகு அந்தக் காசை வாங்கேலாது. நான் சொல்லுறன்” என்றா.

புதன்கிழமை சொல்லியிருக்கிறா. அவர் அலுமாரியை 15,000க்கு இறக்கினார், பெட்டகத்தை 20,000க்கு ஏற்றினார். மாமி இரண்டையும் கொடுக்கவில்லை. அலுமாரி 15,000 என்றது எனக்கு ஆறவில்லை. ஆணியில்லாமல், வெளிச்சமில்லாமல், ஒரு மனிதன் கையால் அரிந்து கோத்த அலுமாரி. முப்பது வருசமாக ஒரு லாச்சிகூடச் சிக்கவில்லை. நூறு வருசக் கோட்டுக்கு இன்னும் எழுபது வருசம் கிடக்கிறது, அதுவரை நிற்கும்.

பெட்டகத்தை இப்போது பட்டறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், நாலாவது சில்லுக்காக. மற்ற மூன்றையும் அளந்து, பட்டறையில் கிடந்த பாலைத் துண்டொன்றில் கடைந்து முடித்தாயிற்று. செல் துண்டைத் தொடவில்லை, இரும்பு துருவேறாமல் மெழுகு மட்டும் பூசினேன். புதுச் சில்லின் உட்பக்கத்தில், அச்சு மறைக்கிற இடத்தில், இந்த வருசத்தையும் மாதத்தையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கழற்றிப் பார்க்கிறவருக்கு மற்ற மூன்றோடு இதைக் குழப்ப வேண்டி வராது.